ஏறும்போது வராத வலி, இறங்கிய பிறகு ஏன் வருகிறது?

கோவைப் பக்கத்திலிருந்து 47 வயது வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ரத்த அழுத்தத்துக்குச் சில வருடங்களாகக் காலையில் ஒரு மாத்திரை, கொழுப்புக்கு இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். சென்ற சித்திரையில் உறவினர்களோடும் கல்லூரியில் படிக்கும் மகனோடும் வெள்ளியங்கிரி ஏறி, ஏழாவது மலையில் சாமி கும்பிட்டுத் திரும்பியிருக்கிறார். ஏறும்போது மூச்சு வாங்கியதே தவிர, கால் வலிக்கவில்லை. மறுநாள் காலையில் தொடை பிடிக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவர், குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தாராம். கபடி ஆடும் மகனுக்கு ஒன்றும் இல்லை.

வரும் பங்குனியில் மறுபடியும் போக ஆசை. அதற்குத் தயாராக ஜிம்மில் ஒரு வருடப் பணம் கட்டிச் சேர்ந்தார். முதல் வாரமே கால்களுக்கான நாள் என்று சொல்லி ட்ரெய்னர் 100 ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போடவைத்தார். மலையிலிருந்து வந்தபோது பட்ட அதே வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை ஐந்து நாள் இருவேளை சாப்பிட்டார். அதே வாரம் சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்ததில், ஈரலுக்காகப் பார்க்கும் எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 62 என்று வந்தது. ‘கொழுப்பு மாத்திரைதான் தசையையும் ஈரலையும் சேர்த்துக் கெடுக்குது’ என்று நண்பர் சொல்ல, அதை நிறுத்திவிட்டார். காலில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை எப்படி வெளியேற்றுவது, வலியோடு பயிற்சி செய்யலாமா, ஐஸா வெந்நீரா, ஈரல் கெட்டுவிட்டதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அதுதான். நீங்கள் அனுப்பிய மாத்திரை அட்டையின் படத்தில், ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 என்று இருக்கிறது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. இரண்டாவது, சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மருந்து. மருந்துக் கடையில் கொடுத்த வலி மாத்திரையில் அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், செராட்டியோபெப்டிடேஸ் என்று மூன்று. இதில் அசிக்ளோஃபெனாக், சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன், சிறுநீரக வடிகட்டியில் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்தும். சிறுநீர் மருந்து உடம்பின் நீரைக் குறைக்கும். மூன்றும் ஒன்றாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரெனச் சுணங்கும் ஆபத்து கூடுகிறது. வியர்வை கொட்டி, தண்ணீர் குறைவாகக் குடித்து, தசையும் அடிபட்டிருக்கும் நாளில் இன்னும் கூடுகிறது.

உங்களுக்கு அப்படி ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. பரிசோதனை அறிக்கையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0 என்றுதான் இருக்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் மலையேறிய அன்றோ, கடும் பயிற்சி செய்த அன்றோ இந்த வகை மாத்திரையை இனிமேல் தொடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இதே குடும்பம்தான். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ‘உடம்பு வலி’ என்று மட்டும் சொல்லி நீட்டிய கைக்கு அவர் கொடுத்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நீங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வலி பொறுக்க முடியவில்லை என்றால் தனி பாராசிட்டமால் ஓரிரு நாள் போதும். பெரிய நிவாரணம் எதிர்பார்க்காதீர்கள், தூங்க உதவும்.

அமிலம் எங்கேயும் தேங்கவில்லை

லாக்டிக் அமிலக் கதையை ஜிம்மில் மட்டுமல்ல, சில விளையாட்டு ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறேன். வேகமாக ஓடும்போது தசையில் லாக்டேட் கூடுவது உண்மை. ஆனால் ஓட்டத்தை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் வலியோ மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போனது. என்றோ கரைந்துபோன ஒன்றை அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. 1983-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஓடுபொறியில் சமதளமாகவும் சரிவாகவும் ஓடவைத்துப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது ரத்தத்தில் லாக்டேட் ஏறியது, வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியபோது லாக்டேட் சொல்லும்படி ஏறவில்லை, ஆனால் இரண்டு நாளில் வலி வந்தது.

இதில்தான் உங்கள் மலைக்கான விடையும் இருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே போகும் நிலையில் உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி மலைப்பாதையில் இறங்கும்போது என்ஜினை விட பிரேக்தானே சூடாகும், அதுபோல. இப்படி நீண்டபடியே வேலை செய்யும் தசையில், சுருங்கி விரியும் நுண்ணிய இழைகள் சில அளவுக்கு மேல் இழுபட்டுக் குலைகின்றன. அந்த இடத்தைச் சீராக்க உடம்பு சின்ன அழற்சி ஒன்றைக் கிளப்புகிறது. அதனால் வலி நரம்புகள் கூருணர்வு அடைகின்றன. அதற்கு நேரம் பிடிப்பதால்தான் வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. தொடாமல் உட்கார்ந்திருந்தால் தெரியாது, அழுத்தினாலும் அசைத்தாலும் தெரியும். அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப், விரல் தசைகளை வைத்துச் சோதனை செய்து, தாமதித்து வரும் இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் சிதைவே காரணமாக இருக்கலாம் என்று 1902-லேயே எழுதிவிட்டார். அமிலக் கதைதான் அதற்குப் பிறகும் சாகாமல் சுற்றுகிறது.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். அதை நடந்துவிட்டு வந்தால் பாதம் எரியும், இடுப்பு அலுக்கும், ஆனால் கழிப்பறையில் குழாயைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்காது. வெள்ளியங்கிரியில் ஒரு வழி சுமார் 6 கிலோமீட்டர்தான், ஆனால் திரும்பும் வழி முழுக்க இறக்கம். அதிலும் செங்குத்தான கற்படி நிறைந்த முதல் மலை, திரும்பும்போது கடைசி மலையாக வருகிறது. தூக்கம் இல்லை, தண்ணீர் தீர்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும். உங்கள் தொடை கந்தலானது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படிகளில்தான்.

மகனுக்கு ஏன் வலிக்கவில்லை?

வயது ஒரு காரணம்தான். கபடியில் ஒவ்வொரு முறை தாழ்ந்து நிற்கும்போதும், சட்டென நின்று திரும்பும்போதும் அவர் தொடை இந்த ‘பிரேக்’ வேலையைத்தான் செய்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்டுச் சீரான தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு அடிபடுவதில்லை. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். ஒரு சேதி உங்களுக்குப் பிடிக்கும்: அதைப் பெற முதல் முறை சாகும்வரை வலிக்க வேண்டியதில்லை. லேசான எடையில், குறைந்த தடவை செய்தாலே கணிசமான பாதுகாப்பு கிடைக்கிறது. எனவே 100 ஸ்குவாட் போடவைத்த ட்ரெய்னர், 15-லேயே வாங்கித் தந்திருக்கக்கூடிய பலனுக்கு உங்களிடம் ஒரு வாரத்தை வசூலித்திருக்கிறார். ‘வலிச்சாத்தான் தசை ஏறும்’ என்பது ஜிம் சுவரில் எழுத நன்றாக இருக்கும். வலியே இல்லாமல் வலுவும் அளவும் கூடுகிறவர்கள் எத்தனையோ பேர். வலி என்பது ‘இது உனக்குப் புதுசு’ என்று மட்டுமே சொல்கிறது, ‘இது உனக்கு நல்லது’ என்று சொல்லவில்லை. பணம் கட்டியது நீங்கள். இன்று இவ்வளவு போதும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முகம் சுளிப்பவரிடம் பயிற்சி எடுக்காதீர்கள்.

பங்குனிக்கு முன் செய்ய வேண்டியது

ஏறிப் பழகுவதை எல்லாரும் செய்கிறார்கள். நீங்கள் இறங்கிப் பழகுங்கள். உங்கள் அலுவலகம் நாலு மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், லிஃப்டில் மேலே போய்ப் படியில் மெதுவாக இறங்குங்கள். ஒரு நாளுக்கு இரண்டு முறை போதும். சகஊழியர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த இரண்டு வாரம் அதை நான்கு முறையாக்கி, ஒரு முறை ஏறவும் செய்யுங்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை மருதமலைக்குப் போய் வரலாம். மேலே பஸ்ஸில் போங்கள், படி வழியாக இறங்குங்கள். எல்லாரும் செய்வதற்கு நேர் தலைகீழ். அது சுலபமாகிவிட்டால் ஏறி இறங்குங்கள். கடைசி மாதத்தில் தோளில் இரண்டு மூன்று கிலோ பை.

ஜிம்மில், நாற்காலி உயரத்துக்கு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், 10 முறை வீதம் இரண்டு சுற்றில் தொடங்குங்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு நிதானம் வேண்டும், பலன் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் தொடை லேசாக ‘நான் இருக்கிறேன்’ என்று சொன்னால் அளவு சரி. மாடிப்படியில் கைப்பிடி தேடினால் அதிகம், அடுத்த வாரம் கூட்டாதீர்கள். மலைக்குப் போவதற்கு முந்தைய வாரம் கடும் பயிற்சி வேண்டாம். புதிதாக எதுவும் முயலவே வேண்டாம்.

மலையில் இறங்கும்போது காலடி சிறிதாக இருக்கட்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும், ஓட்டமும் குதிப்பும் கூடாது. அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியை ஏறும்போது ஊன்றிவிட்டு, இறங்கும்போது தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் கீழ்ப்படியில் தடியை ஊன்றி, எடையில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்து இறங்குவதற்குத்தான் அது அதிகம் பயன்படும்.

வலி வந்துவிட்டால்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வந்த வலியை இரண்டு நாளில் விரட்டும் வைத்தியம் எதுவும் கிடையாது. அதுவாக ஐந்து முதல் ஏழு நாளில் போகும். இடையில் கொஞ்சம் சுகம் தருபவை உண்டு. மெதுவான நடை, சைக்கிள் போன்ற லேசான அசைவு, அசையும் நேரத்தில் வலியைக் குறைக்கும். படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும். ஐஸா வெந்நீரா என்று கேட்டிருக்கிறீர்கள். எது இதமாக இருக்கிறதோ அது. ஐஸ் என்றால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், வெந்நீர் ஒத்தடம் என்றால் தோல் சுடாத அளவு. விளையாட்டு வீரர்கள் ஐஸ் தொட்டியில் உட்காரும் வீடியோவைப் பார்த்து டிரம்மில் இறங்காதீர்கள். வலி சற்றுக் குறையும்தான். ஆனால் வலுவூட்டும் பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால், தசை வளர்வதே மட்டுப்படும் என்று 2015-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. உங்களைப் போல ரத்த அழுத்தம் உள்ளவருக்குச் சட்டென்று குளிர்நீரில் இறங்குவது வேறு வகையிலும் நல்லதல்ல.

உடம்பை இழுத்து நீட்டும் ஸ்ட்ரெச்சிங் மேல் பலருக்கு பக்தியே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-ல் இதைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்கு முன்போ பின்போ செய்த ஸ்ட்ரெச்சிங்கால் 100 புள்ளி வலி அளவுகோலில் அரை புள்ளியிலிருந்து நான்கு புள்ளி வரைதான் வலி குறைந்தது. செய்தால் தப்பில்லை, நம்பியிருக்காதீர்கள். நல்லெண்ணெய் தடவி மிதமாகப் பிடித்துவிடுவது ஓரளவு உதவும். சுளுக்கு எடுப்பவரிடம் போய் அழுத்தி ஏறி மிதிக்கவிடாதீர்கள், அடிபட்ட தசையை மறுபடி அடிப்பதுதான் அது. புரோட்டீன் பவுடர் வலியைக் குறைக்காது. முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையிலும் தட்டில் இருந்தால், உங்கள் அளவுப் பயிற்சிக்கு டப்பா தேவையில்லை.

வலியோடு பயிற்சி செய்யலாமா? வலிக்கும் தசைக்கு ஓய்வு கொடுத்து, தோள், கை, முதுகு என்று வேறு இடத்துக்குச் செய்யலாம். வலி இருக்கும் நாட்களில் தசையின் வலுவும் குறைந்திருக்கும். அந்த நிலையில் கனமான எடையைத் தூக்கினால் முழங்காலும் இடுப்பும் அதற்கு ஈடு கொடுக்கப் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

‘சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மஞ்சள் அடர்ந்து, தண்ணீர் குடித்ததும் வெளுத்தால் அது நீர் பற்றாக்குறை. கட்டங்காப்பி அல்லது கோலா நிறத்தில் போனால் விஷயம் வேறு. தசை பெருமளவு சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று பொருள். கூடவே தொடை வீங்கி இறுகும், கால் பலமிழந்து துவளும், சிலருக்கு வாந்தி வரும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிபிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம்), கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்து, தேவைப்பட்டால் உள்ளே வைத்து சலைன் ஏற்றுவார்கள். பயிற்சியே இல்லாதவரை முதல் நாளில் நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடவைத்தால் இது நடக்கும். எல்லாருக்கும் நடக்காது, ஆனால் இளைஞர்களுக்கும் நடக்கிறது.

ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால், அதுவும் நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு என்றால், எண்ணெய் தேய்க்காதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். தசைக்குப் பதில் மூட்டுக்குள் வலித்தாலோ, பயிற்சியின் நடுவே ‘பட்’டென்று ஏதோ அறுந்ததுபோல் இருந்தாலோ, ஒரு வாரம் தாண்டியும் வலி குறையாமல் இருந்தாலோ நேரில் காட்டுங்கள்.

ஈரலும் கொழுப்பு மாத்திரையும்

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டையும் ‘ஈரல் டெஸ்ட்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் தசையிலும் உண்டு, எஸ்ஜிஓடி நிறையவே உண்டு. பழக்கமில்லாதவர் கடுமையாக எடைப் பயிற்சி செய்தால் இவை ஒரு வாரமோ அதற்கு மேலுமோ உயர்ந்தே நிற்கும். 100 ஸ்குவாட் போட்ட நான்காம் நாளில் ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். எஸ்ஜிஓடி அதிகமாகவும் எஸ்ஜிபிடி அதைவிடக் குறைவாகவும் இருப்பது தசைக் கணக்குக்குப் பொருந்துகிறது. குடிப்பழக்கம் இல்லை என்றும் சொல்கிறீர்கள். கொழுப்பு ஈரல் இல்லவே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, தொப்பையைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்து நாள் கடும் பயிற்சி இல்லாமல் இருந்து, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியோடு சிபிகே, ஜிஜிடி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஜிஜிடி ஈரலைக் காட்டும் இன்னொரு என்சைம், அது தசையிலிருந்து வருவதில்லை, அதனால் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக்காட்டும்.

அட்டோர்வாஸ்டாட்டினை நண்பர் சொல்லி நிறுத்தியது சரியில்லை. அந்த மாத்திரையால் தசை வலி வருவது உண்டு. பெரும்பாலும் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில், இரண்டு தொடையிலும் ஒன்றுபோல, நீங்கள் எதுவும் செய்யாதபோதும் வலிக்கும். உங்களுக்கோ வருடக்கணக்காக எதுவும் இல்லாமல், மலை இறங்கினால் வருகிறது, ஸ்குவாட் போட்டால் வருகிறது, ஒரு வாரத்தில் போய்விடுகிறது. 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில், ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் வகை மாத்திரை) சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் தசைத் தொந்தரவு சொன்னார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 26.6 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே போய், நிறுத்தியதைச் சொல்லி, மறுபரிசோதனை பற்றியும் மீண்டும் தொடங்குவது பற்றியும் கேளுங்கள். சிபிகே குறையாமலே நின்றால் தைராய்டும் பார்க்கச் சொல்வார், தைராய்டு குறைவும் இப்படித் தசையில் காட்டும்.

அதே சந்திப்பில் மலையேற்றத் திட்டத்தையும் சொல்லிவிடுங்கள். 47 வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் இருப்பதால் ஈசிஜியோ, தேவை என்று பட்டால் ட்ரெட்மில் சோதனையோ அவர் கேட்கலாம். இவ்வளவு நேரம் தொடையைப் பற்றிப் பேசினோம், ஆனால் அந்த மலையில் நெஞ்சு இறுகினாலோ, ஓய்ந்து உட்கார்ந்தும் மூச்சு அடங்காவிட்டாலோ, எத்தனையாவது மலையில் இருந்தாலும் அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். சாமி அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். ஏறும் நாளில் ரத்த அழுத்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

ஜிஜிடியும் சிபிகேயும் வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சிறுநீர் நிறம் மாறினால் மட்டும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.